'நெஷ்', 'பெக்', 'பேர்ன்': இங்கிலாந்தின் ஊர்ச்சொற்கள் எங்கிருந்து வந்தன?

நாட்டிங்ஹாமுக்கு நான் குடிவந்த முதல் வருடம், அக்டோபர் மாதம். ஸ்வெட்டர், அதன்மேல் கோட்டு, கழுத்தில் மஃப்ளர் என்று மூட்டைபோல பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுப் பாட்டி ஒரு மெல்லிய சட்டையோடு வந்து நின்றார். என்னை மேலும் கீழும் பார்த்துச் சிரித்துவிட்டு, "ரொம்ப நெஷ் நீ, டக்" என்றார்.

'டக்' ஏற்கெனவே பழகிவிட்டது. நேர்ப்பொருள் வாத்து. ஆனால் நாட்டிங்ஹாம், டார்பி பக்கம் அது 'கண்ணு', 'ராசா' என்பதுபோல யாரையும் வாஞ்சையாகக் கூப்பிடும் சொல். 'நெஷ்'தான் புரியவில்லை. கேட்டேன். "கொஞ்சம் குளிர்கூடத் தாங்காத ஆள்" என்றார். சொல்லிவிட்டு உடனே குரலைத் தாழ்த்தி, "இது சரியான இங்கிலீஷ் இல்லம்மா. எங்க ஊர்ப் பேச்சு. நீ கத்துக்காதே" என்றார்.

அந்தக் கடைசிப் பேச்சு எனக்குள் தங்கிவிட்டது. பிறகு அகராதிகளைத் தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, அவர் கூச்சப்பட்டது ஆயிரம் வயதைத் தாண்டிய ஒரு சொல்லுக்காக. பழைய ஆங்கிலத்தில் 'ஹ்னெஷே' என்றால் மென்மையான, இளசான என்று பொருள். சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பழைய ஆங்கிலத்தில் செய்யப்பட்ட நற்செய்தி மொழிபெயர்ப்பில், நம் தமிழ் வேதாகமம் 'மெல்லிய வஸ்திரம்' என்று சொல்லும் இடத்தில் இந்தச் சொல்தான் இருக்கிறது. லண்டன் பேச்சு பின்னாளில் இதைக் கைவிட்டுவிட்டது. நாட்டிங்ஹாம் உள்ளிட்ட நடுநாட்டு (மிட்லண்ட்ஸ்) மாவட்டங்கள் விடவில்லை. மென்மையானது என்ற பொருள் குறுகி, குளிருக்கு உடம்பு தாங்காதவர் என்று நின்றது. ஆக, பாட்டி பேசியது கெட்டுப்போன ஆங்கிலம் அல்ல. லண்டன்காரர்கள் மறந்துபோன ஆங்கிலம்.

வட்டாரச் சொற்களைப் பற்றித் தெரிந்துகொள்ள வருபவர்கள் முதலில் களைய வேண்டிய எண்ணம் இதுதான்: நடுவில் ஒரு நல்ல ஆங்கிலம் இருந்தது, அதைச் சுற்றியிருந்த கிராமத்தார் வாய்க்கு வந்தபடி சிதைத்துவிட்டார்கள் என்பது. உண்மையில் முதலில் இருந்தவை வட்டார வழக்குகள் மட்டுமே. ஐந்தாம் நூற்றாண்டிலிருந்து வடகடல் தாண்டி வந்த ஆங்கிள், சாக்சன் முதலிய இனத்தார் ஆளுக்கொரு பக்கம் குடியேறினார்கள். தொடக்கத்திலிருந்தே அவர்கள் பேச்சு ஒன்றுபோல் இருந்ததில்லை. பல நூற்றாண்டுகள் கழித்து, அரசும் வணிகமும் அச்சகமும் லண்டனைச் சுற்றி அமைந்ததால், அங்கே புழங்கிய பேச்சு 'பொது ஆங்கிலம்' ஆயிற்று.

அந்தப் பொது ஆங்கிலம் உருவாகிக்கொண்டிருந்த காலத்துக்கு ஒரு நேர்ச்சாட்சி உண்டு. இங்கிலாந்தில் முதன்முதலாக அச்சகம் வைத்தவர் வில்லியம் காக்ஸ்டன், ஆண்டு 1476. அவர் 1490-இல் அச்சிட்ட ஒரு நூலின் முன்னுரையில் ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். தேம்ஸ் நதி வழியாக நெதர்லாந்துப் பக்கத்து ஜீலாந்துக்குக் கிளம்பிய சில வணிகர்கள், காற்று இல்லாமல் கப்பல் நின்றுவிட, சாப்பாடு தேடிக் கரையிறங்கினார்கள். ஒருவர் ஒரு வீட்டுப் பெண்ணிடம் 'எக்ஸ்' வேண்டும் என்று கேட்டார். முட்டை. அந்தப் பெண்ணோ, தனக்குப் பிரெஞ்சு தெரியாது என்று சொல்லிவிட்டார். வணிகருக்குக் கோபம், அவருக்கும்தான் பிரெஞ்சு தெரியாது. அப்புறம் இன்னொருவர் 'ஐரென்' வேண்டும் என்று சொல்ல, ஓ, இப்போது புரிகிறது என்றாராம் அந்தப் பெண். இந்தக் காலத்தில் எதை எழுதுவது, எக்ஸா, ஐரெனா, எல்லாருக்கும் பிடிப்பதுபோல எழுதுவது கஷ்டமாக இருக்கிறதே என்று காக்ஸ்டன் அலுத்துக்கொள்கிறார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது, வென்ற சொல் எது என்பது. 'ஐரென்' பழைய ஆங்கிலத்தின் சொந்தச் சொல், தெற்கத்தியச் சொல். 'எக்' ஸ்காண்டிநேவியாவிலிருந்து கடல் தாண்டி வந்த வைக்கிங்குகள் கொண்டுவந்த, அவர்கள் மொழியான நார்ஸின் சொல், வடக்கத்திய வழக்கு. இன்று உலகம் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் எழுத்துப் பிழையில்லாமல் எழுதச் சொல்லித்தரும் 'எக்', ஒரு காலத்தில் தென்னிங்கிலாந்துப் பெண்ணுக்கு அந்நிய மொழியாகத் தோன்றிய ஊர்ச்சொல். ஐரென் வென்றிருந்தால், 'எக்'கைத்தான் இன்று கொச்சை என்றிருப்பார்கள்.

கப்பலில் வந்த சொற்கள்

வடக்கு இங்கிலாந்தின் வட்டாரச் சொற்களை எடுத்தால் வைக்கிங்குகளைப் பற்றிப் பேசாமல் ஒரு அடி நகர முடியாது. 865-இல் டேனியப் பெரும்படை ஒன்று வந்திறங்கியது. மறு ஆண்டே யார்க் நகரம் அதன் கைக்குப் போனது. கொள்ளையடித்துவிட்டுப் போயிருந்தால் மொழியில் இவ்வளவு தடம் பதிந்திருக்காது. 876-இல் அவர்கள் நிலத்தைப் பங்கு போட்டுக்கொண்டு உழ ஆரம்பித்தார்கள் என்று அக்கால ஆங்கிலக் குறிப்பேடு சொல்கிறது. ஏர் பிடித்தவர்கள் பக்கத்து வயல்காரரோடு பேசினார்கள், பெண் எடுத்தார்கள், பெண் கொடுத்தார்கள். இரண்டு மொழிகளும் நெருங்கிய உறவு. ஆகவே சொற்கள் கலப்பது எளிதாக இருந்தது.

சிற்றோடையை எப்படிச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். தெற்கிலும் நடுநாட்டிலும் 'புரூக்'. யார்க்‌ஷயர், கம்ப்ரியா, லிங்கன்ஷயர் பக்கம் 'பெக்'. இன்னும் வடக்கே நார்தம்பர்லாந்துக்குப் போனால் 'பர்ன்'. புரூக்கும் பர்னும் பழைய ஆங்கிலம், பெக் நார்ஸ். அப்படியானால் நடுவில் வைக்கிங் சொல் இருக்க, அதற்கும் வடக்கே மறுபடி ஆங்கிலச் சொல் எப்படி வந்தது? டேனியர்களின் அடர்ந்த குடியேற்றம் ஏறக்குறைய டீஸ் ஆற்றோடு நின்றுவிட்டது. அதற்கு வடக்கே பாம்பரோ கோட்டையிலிருந்து ஆண்டவர்கள் பழைய ஆங்கில வம்சத்தார். இன்றைக்கும் டர்ஹாம் மாவட்டத்தில் தெற்கிலிருந்து வடக்கே போனால் பெக்குகள் குறைந்து பர்ன்கள் கூடுவதை வரைபடத்தில் விரல் வைத்துப் பார்க்கலாம். ஆயிரத்து நூறு வருடத்துக்கு முந்தைய குடியேற்ற எல்லையை ஓடைகளின் பெயர்கள் இன்னும் காட்டிக்கொண்டிருக்கின்றன. இதை முதன்முதலில் வரைபடத்தில் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

யார்க் நகரத்துத் தெருக்களில் நடந்தால் இன்னொரு சொல் காலில் இடறும். மிக்கிள்கேட், ஸ்டோன்கேட், காப்பர்கேட் என்று எங்கு பார்த்தாலும் 'கேட்'. ஆனால் எதிலும் கதவு இல்லை. நார்ஸ் மொழியில் 'காட்டா' என்றால் தெரு. அதுதான் இங்கே 'கேட்'. மிக்கிள்கேட் என்றால் பெரிய தெரு. கோட்டை வாசலுக்கு அந்த ஊரில் 'பார்' என்று பெயர். ஆகவே மிக்கிள்கேட் பார் என்பது 'பெரியதெரு வாசல்'. காப்பர்கேட்டில் செம்பும் இல்லை. அது மரத்தில் கிண்ணம் கடைபவர்களின் தெரு. 'கொப்பாரி' என்ற நார்ஸ் சொல் அந்தத் தொழிலாளியைக் குறிப்பது. 1976 முதல் 1981 வரை அந்த இடத்தைத் தோண்டியபோது, வைக்கிங் காலத்து மரக்கிண்ணங்களும் கடைசலில் மிஞ்சிய நடுக்கட்டைகளும் மண்ணுக்குள்ளிருந்து வந்தன. தெருப்பெயர் ஆயிரம் வருடமாகச் சொல்லிவந்ததை மண் மெய்ப்பித்தது.

குழந்தைக்கு வடக்கில் 'பேர்ன்'. டேனிய, ஸ்வீடிய மொழிகளில் இன்றும் 'பார்ன்' என்றால் குழந்தைதான். பழைய ஆங்கிலத்திலும் கிட்டத்தட்ட இதே சொல் இருந்தது. நார்ஸ்காரர்களின் துணை கிடைத்த பகுதிகளில் நிலைத்துவிட்டது. பேர்ன்கள் தெருவில் செய்வது 'லேக்'. ஏரி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். விளையாடுவது என்று பொருள். நார்ஸ் மொழியின் 'லெய்கா'விலிருந்து வந்தது. யார்க்‌ஷயரின் நெசவாலைத் தொழிலாளர்கள், ஆலையில் வேலை இல்லாத நாளையும் 'லேக்கிங்' என்பார்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் கையிலும் இந்தச் சொல்லின் உறவு ஒன்று இருக்கிறது. டேனிய மொழியில் 'லெக் கொத்' என்றால் 'நன்றாக விளையாடு'. அதைச் சுருக்கித்தான் 1930-களில் லெகோ என்று பெயர் வைத்தார்கள்.

ஒரே சொல், இரண்டு பசி

வட்டாரச் சொல் என்றால் பொது ஆங்கிலத்தில் இல்லாத சொல்லாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. சொல் ஒன்றாகவே இருந்து, பொருள் மட்டும் வேறு வழியில் போயிருக்கலாம். உண்மையில் கற்றுக்கொள்பவரை அதிகம் ஏமாற்றுபவை இவைதாம்.

'ஸ்டார்வ்' என்றால் பட்டினி கிடப்பது என்று படித்திருக்கிறோம். பழைய ஆங்கிலத்தில் இதன் பொருள் சாவது, அவ்வளவுதான். ஜெர்மன் மொழியில் 'ஸ்டெர்பென்' இன்றும் அதே பொருளில் இருக்கிறது. பிறகு எதனால் சாவது என்பது சேர்ந்துகொண்டது. தெற்கில் பசியால், வடக்கில் குளிரால். வடக்கத்தியப் பெரியவர் ஒருவர் வாசலில் வந்து நின்று "ஸ்டார்வ்ட்" என்றால், அவரிடம் ரொட்டியை நீட்டாமல் கணப்புப் பக்கம் அழைத்துக்கொண்டு போக வேண்டும். பசிக்கு லங்காஷயர் பக்கம் தனியாக 'கிளெம்ட்' என்ற சொல் இருந்தது.

'மார்டி' எனக்குப் பிடித்த இன்னொன்று. எதற்கெடுத்தாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும் பிள்ளையை நடுநாட்டில் இப்படிச் சொல்வார்கள். 'மார்' என்ற சொல்லுக்குக் கெடுப்பது என்று பொருள். செல்லம் கொடுத்துக் கெடுக்கப்பட்ட குழந்தைதான் 'மார்ட்', அதிலிருந்து மார்டி.

தமிழர்களாகிய நமக்குச் சட்டென்று பிடிபடும் ஒன்றும் உண்டு. ஆங்கிலத்தில் நீ, நீங்கள் இரண்டுக்கும் ஒரே 'யூ' என்பது நமக்கு ஆரம்பத்தில் சங்கடம். முன்பு அந்த வேறுபாடு இருந்தது. 'தௌ', 'தீ' என்பவை நீ, உன்னை. 'யூ' மரியாதைக்கும் பன்மைக்கும். 17-ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு பொது ஆங்கிலம் 'நீ'யைக் கைவிட்டது. யார்க்‌ஷயரும் லங்காஷயரும் 'தா' என்று அதை வைத்துக்கொண்டன. வைத்துக்கொண்டபோது மரியாதைக் கணக்கையும் சேர்த்தே வைத்துக்கொண்டன. மூத்தவரிடம் தா போட்டுப் பேசிய பையனைப் பார்த்து, "எனக்கு தா போடாதே! உனக்கு நீயே தா போட்டுப் பார், எப்படி இருக்கிறதென்று" என்று அதட்டுவது அங்கே பழமொழியாகவே ஆகிவிட்டது. ஷெஃபீல்டுக்காரர்கள் இந்தச் சொற்களை 'டீ', 'டா' என்பதுபோல உச்சரிப்பதால், பக்கத்து ஊர்க்காரர்கள் அவர்களுக்கு 'டீ-டா' என்றே பட்டப்பெயர் வைத்தார்கள்.

ஆடுகளின் கணக்கும் எறும்புகளின் வேரும்

ஆங்கிலேயர்கள் வருவதற்கு முன் அங்கே கெல்ட்டிய மொழி பேசியவர்கள் இருந்தார்கள். வேல்ஸ் மொழி அதன் வாரிசு. மலைகளுக்கும் பள்ளத்தாக்குகளுக்கும் ஆறுகளுக்கும் அவர்கள் இட்ட பெயர்கள் நிறையவே தங்கின. டெவன், சாமர்செட் பக்கம் குறும்பள்ளத்தாக்கை 'கூம்' என்பது வேல்ஸ் மொழியின் 'கும்'மோடு ஒட்டியது. பேச்சுச் சொற்கள் தங்கியது மிகக் குறைவு.

ஆனால் வடமேற்கு இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்து ஆட்டிடையர்களின் எண்ணிக்கை என்று ஒன்று உண்டு. யான், டான், டெதெரா, மெதெரா, பிம்ப். ஐந்துக்கு 'பிம்ப்', வேல்ஸ் மொழியில் ஐந்தை உச்சரிப்பதும் அப்படியே. பத்து 'டிக்', வேல்ஸில் 'டேக்'. பதினைந்து 'பம்ஃபிட்', வேல்ஸில் 'பம்தெக்'. பதினாறு வந்தால் 'யான்-அ-பம்ஃபிட்', பதினைந்தும் ஒன்றும். வேல்ஸ் மொழியும் பதினாறை அப்படித்தான் கட்டுகிறது. இருபது வந்ததும் ஒரு கூழாங்கல்லைப் பைக்குள் போட்டுக்கொண்டு மறுபடி யானிலிருந்து தொடங்குவார்கள். இது பழங்கெல்ட்டிய மொழியின் அறுபடாத எச்சம் என்பது ஒரு கட்சி. பின்னாளில் வேல்ஸ், ஸ்காட்லாந்து பக்கத்திலிருந்து வந்தவர்களோடு வந்து சேர்ந்தது என்பது இன்னொரு கட்சி. 19-ஆம் நூற்றாண்டில்தான் இவற்றைப் பரவலாக எழுதிவைத்தார்கள் என்பதால், இரண்டாவது கட்சியை எளிதில் ஒதுக்கிவிட முடியாது என்றே எனக்குத் தோன்றுகிறது.

வேர் தேடும்போது ஆசைக்கு இடம் கொடுக்கக் கூடாது என்பதற்குக் கார்ன்வாலின் 'எம்மெட்' நல்ல உதாரணம். கோடையில் கடற்கரைக்குக் கூட்டம் கூட்டமாக வரும் வெளியூர்க்காரர்களை அங்கே எம்மெட் என்பார்கள், எறும்பு. கார்ன்வாலுக்கென்று தனி கெல்ட்டிய மொழி இருந்ததால், இதுவும் அந்த மொழிச் சொல் என்று பலர் பெருமையோடு சொல்வார்கள். இல்லை. கார்னிஷ் மொழியில் எறும்புக்கு 'மொர்யோன்'. எம்மெட் பழைய ஆங்கிலத்தின் 'ஐமெட்டெ'. அதே சொல் தேய்ந்து தேய்ந்து பொது ஆங்கிலத்தில் 'ஆன்ட்' ஆயிற்று. ஆன்ட்டும் எம்மெட்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

நம் பக்கத்திலிருந்து போன சொற்களும் உண்டு. 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனை வந்தடைந்த ரோமானி மக்களின் மொழி, வட இந்திய மொழிகளின் குடும்பத்தைச் சேர்ந்தது. தண்ணீருக்கு அதில் 'பானி'. சகோதரனுக்கு 'ப்ரல்', பிரிட்டனில் 'பல்'. சம்ஸ்கிருத 'ப்ராத்ரு'வின் வழி வந்தது. அந்த 'பல்'தான் தோழன் என்ற பொருளில் ஆங்கிலம் முழுக்கப் பரவிவிட்டது. நியூகாஸில், டர்ஹாம் பக்கம் ஆளைக் குறிக்கும் 'காட்ஜி'யும், போர்ட்ஸ்மத் பக்கம் நண்பனைக் கூப்பிடும் 'முஷ்'ஷும் ரோமானிதான்.

இவ்வளவும் எப்படித் தெரிய வந்தது? பெரும்பங்கு இரண்டு முயற்சிகளால். முதலாவது ஜோசப் ரைட்டின் உழைப்பு. 1855-இல் யார்க்‌ஷயரில் பிராட்ஃபோர்டுக்கு அருகே ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். ஆறு வயதில் கல்குவாரியில் கழுதை வண்டி ஓட்டும் வேலை. அடுத்து நெசவாலை. படிக்கக் கற்றுக்கொண்டது பதினைந்து வயதில். பிறகு ஜெர்மனியின் ஹைடல்பெர்க் வரை போய் முனைவர் பட்டம் வாங்கி, ஆக்ஸ்ஃபோர்டில் ஒப்பியல் மொழியியல் பேராசிரியரானார். 1898 முதல் 1905 வரை ஆறு தொகுதிகளாக அவர் வெளியிட்ட ஆங்கில வட்டார வழக்கு அகராதிக்கு இணையாக இன்றுவரை இன்னொன்று வரவில்லை. கழுதை வண்டிப் பையனாக இருந்தபோது அவர் வாயில் புழங்கிய சொற்கள்தாம் அதில் பாடமாக ஏறின என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

இரண்டாவது, லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஹரால்ட் ஆர்ட்டனும் ஜூரிச்சின் ஆய்கன் டீத்தும் திட்டமிட்ட களஆய்வு. 1950 முதல் 1961 வரை 313 ஊர்கள், 1,300-க்கும் மேற்பட்ட கேள்விகள். பெரும்பாலும் வயதான விவசாயிகளை, அதுவும் பல்லும் காதும் நன்றாக இருப்பவர்களாகத் தேடிப் பிடித்தார்கள். கேட்பவர் அந்தச் சொல்லைத் தன் வாயால் சொல்லிவிடக் கூடாது என்பது முக்கியமான விதி. "ஆற்றைவிடச் சின்னதாக ஓடும் தண்ணீரை என்ன சொல்வீர்கள்?" என்றுதான் கேட்க வேண்டும். புரூக் என்று எடுத்துக் கொடுத்துவிட்டால், பெக் என்று சொல்லியிருக்கக்கூடியவரும் மரியாதைக்கு ஆமாம் போட்டுவிடுவார். மேலே சொன்ன ஓடை வரைபடங்கள் இப்படிக் கிடைத்த பதில்களிலிருந்து வரையப்பட்டவையே.

அந்த விதியை நானும் கடைப்பிடித்துப் பார்த்தேன். பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் போய், இரண்டு வீட்டுச் சுவர்களுக்கு நடுவே போகிற ஒடுங்கிய சந்தைக் காட்டி, இதை என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். "ஜிட்டி" என்றார். லீட்ஸில் அது 'கின்னல்', சசெக்ஸில் 'ட்விட்டன்', டர்ஹாமில் பிரெஞ்சிலிருந்து வந்த 'வெனல்'. சுரங்கத்தில் வேலை செய்த அவருடைய அப்பா தகரடப்பாவில் கட்டிக்கொண்டு போன மதியச் சோறு 'ஸ்னாப்'. உருண்டை பன் 'காப்'. மான்செஸ்டரில் அதையே 'பார்ம்' என்பார்கள். பீர் புளிக்கும்போது மேலே பொங்கும் நுரைக்குப் பார்ம் என்று பெயர், அந்த நுரையை விட்டுத்தான் முன்பு மாவைப் பொங்க வைத்தார்கள்.

நெஷ்ஷின் வயதை அவரிடம் சொன்னேன். நற்செய்தியில் அது இருக்கிற இடத்தை போனில் எடுத்துக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "எங்க டீச்சர் இதுக்காக என் கைமேல அடிச்சிருக்காங்க" என்றார். அப்புறம் எழுந்து கெட்டிலைப் போட்டு, "இரு, ஒரு பாட் மாஷ் பண்றேன்" என்றார். மாஷ் என்றால் அங்கே டீ போடுவது. பீர் காய்ச்சுபவர்கள் முளைகட்டி உலர்த்திய தானியத்தைச் சுடுதண்ணீரில் ஊறப்போடுவதற்கு வைத்திருந்த பழைய சொல். 17-ஆம் நூற்றாண்டில் சீனத்து இலை வந்து சேர்ந்த பிறகு, அதையும் சுடுதண்ணீரில்தானே போடுகிறோம் என்று அதற்கும் அதே சொல்லைக் கொடுத்துவிட்டார்கள்.